குழாயைத் திறந்துவிட்டுப் போன பெண்

ஒரு பெண்ணுக்குக் கிடைத்துவிட்ட வேலையை நான் கெடுத்தேன்.

'கிடைக்கவிருந்த வேலை' என்று எழுதத்தான் முதலில் கை போனது. இல்லை... கிடைத்துவிட்ட வேலைதான். முதலாளி அவள் பெயரைச் சொல்லி முடித்திருந்தார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தேன். வேலை அவளுக்கு இல்லாமல் போனது.

தெரியாமல் செய்த பிழை என்று எனக்காக இரங்கிவிடாதீர்கள். காலையில் தெரியாது, உண்மை. மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. திருத்த நேரம் இருந்தது. கையில் ஃபோன் இருந்தது. நான் பேசவில்லை. அதோடு நின்றேனா? அந்தப் பெண்ணை ஒரு கதையாக்கி ஆண்டுக்கணக்கில் சொல்லித் திரிந்தேன். கைதட்டல் வாங்கினேன்!

நான் சமவெளியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி சரோஜாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் போகவே, கொடைக்கானலில் ஒரு சிறிய வீடு பார்த்துக் குடிவந்தோம். வந்த இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை. வாசகசாலை ஒன்றின் மாடியில், வாரம் ஒரு மாலை, வேலை தேடும் பிள்ளைகளுக்கு இலவசமாக வகுப்பெடுக்கத் தொடங்கினேன்.

ஆங்கிலம், நேர்காணல் என்று ஆரம்பித்தது, நாளடைவில் என் கிறுக்குப் பக்கமாகச் சாய்ந்தது. 'வேலை தேடுவோருக்கான பசுமைப் பழக்கங்கள்' என்று தலைப்பு வைத்தேன். சிரிப்பு வருகிறதா? சரோஜாவும் சிரித்தாள். "வேலையே இல்லாத புள்ளைகளுக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வேலை தேடுவது எவ்வளவு குப்பை சேர்க்கும் தொழில் தெரியுமா? ஒரு மாணவனிடம், வேலை தேடத் தொடங்கியதிலிருந்து வீட்டில் சேர்ந்ததையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி எடுத்துவரச் சொன்னேன். வகுப்பின் நடுவில் கொட்டினோம். தப்பான ஃபோன் நம்பரோடு கட்டுக்கட்டாக ஜெராக்ஸ். பாஸ்போர்ட் போட்டோக்கள். பிளாஸ்டிக் ஃபைல்கள். ஒரே ஒரு நாள் போட்ட ஷூவின் அட்டைப்பெட்டி. டை சுற்றிவந்த கவர்... டையைக் காணோம்! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கோ அந்தக் குவியலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒருவனுடைய நம்பிக்கை முழுவதும் அங்கே கொட்டிக் கிடப்பதுபோல் இருந்தது.

பயோடேட்டாவை ஃபோனிலேயே அனுப்புங்கள், அச்செடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் எடுங்கள் என்பேன். நேர்காணலுக்கென்று புதுச் சட்டை வேண்டாம், அண்ணனிடம் இரவல் வாங்குங்கள். தனி ஜீப் பிடிக்காதீர்கள், நாலு பேர் சேர்ந்து போங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். போகிற இடத்தில் வீணாக விளக்கு எரிந்தால் அணையுங்கள், குழாய் ஒழுகினால் மூடுங்கள்.

கடைசியில் கண் சிமிட்டி ஒன்று சேர்த்துக்கொள்வேன். "எங்கேயாவது ஒருத்தர் உங்களைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க!"

அந்த ஒருவர் நானாகவே ஆவேன் என்று அப்போது நினைக்கவில்லை.

எனக்கு ஒரு குடைச்சல் உண்டு. இளமையிலிருந்தே உண்டு. மனிதர்கள் தனியாக இருக்கும்போது எப்படி இருப்பார்கள்? வகுப்பில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். யாரும் பார்க்காத இடத்தில் ஒழுகும் குழாயைக் கண்டால் அந்தக் கை என்ன செய்யும்? இதை அறிய எனக்கிருந்த ஆசை ஒரு பசி மாதிரி. இதை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். விஞ்ஞானம் படித்தவனுக்கு வேறென்ன வேண்டும்!

அப்படியிருக்கையில்தான் ரவி வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதர். ஏரிக்குக் கீழே பள்ளத்தில் ஒரு பழைய பங்களாவை வாங்கி, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத தங்கும் விடுதி என்று போர்டு மாட்டியிருந்தார். அறைகள், சமையல், வேலையாட்கள் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்க ஒரு ஆள் வேண்டும். தங்க ஒரு அறையும் உண்டு.

"சார், இன்டர்வியூல எல்லாரும் நேச்சர்னா உயிருங்கறாங்க. வெளிய போயி பிஸ்கட் கவர ரோட்டுல போடுறாங்க. உண்மையிலேயே பழக்கம் இருக்கற ஆளு எனக்கு வேணும். எப்டி சார் கண்டுபிடிக்கறது?"

"உள்ளே நீங்க கேளுங்க. வெளியே நான் பாத்துக்கறேன்" என்றேன். உடம்பெல்லாம் துள்ளியது எனக்கு. என் பசிக்கு ஒருவர் இலை போட்டுவிட்டார் அல்லவா!

அது தை மாதத்துச் சனிக்கிழமை. பள்ளத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. நான் குரங்குக் குல்லாவும் பழைய ஸ்வெட்டருமாக, கையில் செடி வெட்டும் கத்தரியோடு பூச்செடிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தோட்டக்காரக் கிழவன் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம். காத்திருக்கும் தாழ்வாரத்தில் பகலிலேயே டியூப் லைட்டை எரியவிட்டேன். கட்டடத்தின் வடக்குச் சுவரில், நிழலில், கைகால் கழுவும் குழாய் இருந்தது. அதை நூலளவு திறந்துவைத்தேன். என் பொறி தயார்.

முதலில் வந்தவர் டீயைக் குடித்துவிட்டு பேப்பர் கப்பை நேராக என் பூச்செடிக்குள் எறிந்தார். நான் அங்கே இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. அடுத்து வந்த பெண் லைட்டை அணைத்தாள், குழாய்ப் பக்கம் திரும்பவில்லை. அவள் உள்ளே போனதும் லைட்டை மறுபடி எரியவிட்டேன். இன்னொருவர் ஃபோனில் யாரையோ திட்டிக்கொண்டே வந்து, திட்டிக்கொண்டே உள்ளே போனார். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ரசித்தேன்.

பிறகு அவள் வந்தாள். செல்வராணி. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தோளில் துணிப்பை, கொஞ்சம் பெரிதாக இருந்த சுடிதார்.

"தாத்தா, இன்டர்வியூ இங்கதானுங்களா?"

"இங்கதான். உக்காரும்மா."

"அய்யோ, வேணாங்க. மன்னவனூருல இருந்து மொத பஸ்ஸு. உக்காந்து உக்காந்து காலு மரத்துக் கெடக்கு." என்னை உற்றுப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"என்னம்மா?"

"கோவிச்சுக்காதீங்க தாத்தா. அந்தக் குல்லாவுல நீங்க எங்க ஊரு ஆட்டுப்பண்ணை கெடா மாதிரியே இருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல கிடாயா, நோஞ்சான் கிடாயா என்று கேட்டேன். "பரிசு வாங்குன கெடா!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தாத்தா, இங்க சோலி கெடச்சா தங்க ரூம்பு குடுப்பாங்களாமே, நெசமா?"

"குடுப்பாங்கன்னுதான் பேச்சு."

"சின்னப் புள்ளையக் கூட வச்சுக்க விடுவாங்களா?"

"யாரு புள்ள?"

"எம் புள்ளதாங்க. நாலு வயசு. அவுங்கப்பா தவறிட்டாரு. இது கெடைக்கலன்னா திருப்பூருதான் போகணும், பனியன் கம்பெனிக்கி. அங்க ஆஸ்டல்ல புள்ளைய விடமாட்டாங்களாம். அண்ணிகிட்ட விட்டுட்டுப் போகணும். உள்ள கேட்டுறலாமான்னு பாக்கறேன்... கேட்டா, இவ புள்ளைய வளக்க வந்தவ, வேல எங்க பாக்கப்போறான்னு நெனச்சுட்டாங்கன்னா?"

"கேட்டுப் பாரேன்" என்றேன்.

அவ்வளவுதான் நான் அவளுக்குச் சொன்னது. இன்றைக்கு அதுவும் எனக்கு உறுத்துகிறது. ஏன் என்று பின்னால் தெரியும்.

அவள் குழாயடிக்குப் போனாள். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். முகம் கழுவினாள். துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். வெறுமனே கிடந்த கை ஒன்று குழாயின் திருகைத் தொட்டது. மூடப்போகிறாள் என்று நினைத்தேன்.

திறந்தாள்!

நூலாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரைச் சுண்டுவிரல் கனத்துக்குத் திறந்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், தலைமுடியைச் சரிசெய்துகொண்டே உள்ளே போய்விட்டாள். லைட்டையும் அணைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஏம்மா, எதுக்குத் தொறந்துவிட்ட?" ஒரு வார்த்தை. கேட்டிருக்கலாமே! ஆனால் கேட்கக் கூடாது என்பது என் விதி. பார்க்கிறவன் குறுக்கிட்டால் சோதனை கெட்டுவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவள் சுடிதார் அண்ணியிடம் வாங்கிய இரவலாக இருக்கலாம் என்றோ, அவள் பஸ்ஸில் வந்தாள் என்றோ, பையில் பழைய கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தாள் என்றோ எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் கண்ணில் பட்டவைதான். என் கண் குழாயிலேயே நின்றுவிட்டது.

கடைசியாக அருண் வந்தான். என் வகுப்பில் படித்த பையன். குழாய் ஓடுவதைப் பார்த்தான், விரைந்து போய் மூடினான், கைக்குட்டையில் கையைத் துடைத்தான். பிறகு... சுற்றும் முற்றும் பார்த்தான்! 'எங்கேயாவது ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருப்பாங்க' என்று சொன்னது யார்? நான்தானே. என் கேள்விக்கு என் பதிலையே அவன் எழுதிக் காட்டினான். அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும், ஒரு ஆசிரியனுக்கு உள்ளே ஊறும் சந்தோஷம் ஊறத்தான் செய்தது.

எல்லாரும் போன பிறகு ரவி டீ கொண்டுவந்தார்.

"சார், நான் முடிவு பண்ணிட்டேன். அந்த மன்னவனூர்ப் பொண்ணு செல்வராணி. ஹோம்ஸ்டேல வேல பாத்திருக்கு. கணக்கு பாக்குது, வேலக்காரங்கள எப்டி நடத்தணும்னு தெளிவா பேசுது. புள்ளையும் கூட வரும்னுச்சு, இருந்துட்டுப் போகட்டும். நம்ம வீட்லயும் ஒரு கொழந்த சத்தம் கேக்கட்டுமே. என்ன சொல்றீங்க?"

இந்த இடத்தில் நான் 'சரி' என்றிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் டீயை வைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்... வேண்டுமென்றேதான். வகுப்பில் செய்வதுபோல. பிறகு சொன்னேன். அவள் திறந்தாள், பின்னால் வந்தவன் மூடினான். இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன்.

"என்னது, தொறந்து விட்டுட்டா?" ரவி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஒழுகுற குழாய இன்னும் தொறந்து விட்டுட்டா! சார், நீங்க வேற லெவல் சார். தப்பிச்சேன். இந்த போர்ட மாட்டிக்கிட்டு நான் அதைப் போட்டிருந்தா... சரி, அருணையே போட்ரலாம். திங்கக்கெழம எல்லாருக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிர்றேன்."

வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டே நடந்தேன். இந்த வயதில் விசில்!

வீட்டுப் பின்பக்கம் சரோஜா நனைந்து நின்றுகொண்டிருந்தாள். சுவரோரம் வரும் குழாய் நீளத்துக்குப் பிளந்து தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது.

"நேத்து படுக்கப் போகும்போது குழாய இறுக்கி மூடுனது யாரு?"

"நான்தான். ஒழுகிச்சேன்னு..."

"ஒழுகிச்சா! நான்தானே நூலாட்டம் விட்டு வச்சிருந்தேன். பனி நாளுல ஓடுற தண்ணி ஒறையாது, நின்ன தண்ணி ஒறஞ்சு பைப்ப ஒடச்சுரும்னு வந்த வருசமே பக்கத்து வீட்டுல சொல்லிக் குடுத்தாங்கல்ல? தையி மாசம் பூராவும் நான் வேறென்ன பண்ணிக்கிட்டிருக்கேன்? ஊருக்கெல்லாம் பாடம் நடத்துற மகராசனுக்கு வீட்டுக் குழா தெரியல!"

தண்ணீர் உறையும்போது விரியும். வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதிய வாக்கியம். ஆனால் அந்த நேரம் என் மனத்துக்கு வந்தது பாடமல்ல... ஒரு கை. வெறுமனே கிடந்து, திருகைத் தொட்டு, திறந்துவிட்டுத் தலைமுடிக்குப் போன கை.

மன்னவனூர் மேல்மலைப் பக்கத்து ஊர். அங்கே பனி இன்னும் கடுமை. அந்தக் குழாய் வடக்குச் சுவரில், நிழலில் இருந்தது. காலடியில் புல் இன்னும் வெள்ளையாகத்தான் கிடந்தது.

"சரோஜா, வெயில் வந்த பெறகும் தொறந்து விடுவாங்களா?"

"வெயிலு வந்தா வேணாந்தான். ஆனா கைப் பழக்கம் விடுமா? குழாய்ல நூலாட்டம் வந்தா, நின்னுறப் போகுதேன்னு கை தானா ஒரு திருகு கூடத் திருகும். மேமலைக்காரங்க அப்டித்தான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அது என் முதல் பொய்.

நீங்கள் நியாயமாகக் கேட்பீர்கள்: உடனே ஃபோன் செய்வதற்கு என்ன? நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். அவள் செய்தது தேவையில்லாத நேரத்தில் செய்த ஒரு கைப்பிழை. அவ்வளவே. அடுத்த வீட்டுக் குழாய் உடைந்துவிடக் கூடாதே என்று ஒரு கைக்கு ஊறிப்போன கவலை. நான் தேடிக்கொண்டிருந்ததும் அதுதானே... யாரும் பார்க்காதபோது ஒரு கை என்ன செய்யும் என்பது! என் சோதனைக்கு நிஜமான பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதை நான் தள்ளிவிட்டேன்.

ஞாயிறு காலை ஃபோனை எடுத்தேன். ரவியின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவரே கூப்பிட்டார்.

"சார்! நேத்து பிரெண்ட்ஸ் நாலு பேருகிட்ட உங்க குழா மேட்டரச் சொன்னேன். அசந்துட்டாங்க. பெரிய ஹோட்டல்காரங்க ரெண்டு பேரு உங்களப் பாக்கணுங்கறாங்க. அவங்க ஸ்டாஃபுக்கு நீங்க வந்து பேசணுமாம். என்ன சார் சொல்றீங்க?"

"ஓ... வரேனே" என்றேன்.

பிறகு ஒரு இடைவெளி விழுந்தது. நான் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று அவர் காத்திருந்தார். அந்த இடைவெளிக்குள் செல்வராணியும் அவள் பிள்ளையும் தாராளமாகப் புகுந்திருப்பார்கள். நான் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

என்ன பயம் எனக்கு? ரவி கோபித்திருக்க மாட்டார். சிரித்திருப்பார். 'சார், உங்களுக்கே தெரியலயா?' என்றிருப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். ஒரு பிள்ளை தாயோடு இருப்பதா வேண்டாமா என்பது ஒரு தட்டில்... இன்னொரு தட்டில் ஒரு நல்ல மனிதரின் சின்னச் சிரிப்பு. எது கனத்தது, பாருங்கள்!

திங்கட்கிழமை வந்தது. போனது.

அருண் நன்றாகவே வேலை பார்த்தான். இன்றும் பார்க்கிறான். விடுதியில் மழைநீர்த் தொட்டி கட்டியிருக்கிறான், சமையலறைக் கழிவை உரமாக்குகிறான். அவனாவது மோசமாகப் போயிருந்தால், நான் ரவியிடம் போய் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் நன்றாக இருப்பதும் எனக்கு ஒரு தடுப்பாகிவிட்டது.

நான் பேசப் போனேன். ஹோட்டல்கள், பள்ளிகள், கீழே பண்ணைக்காடு என்ற ஊரில் இளைஞர் கூட்டம். போன இடமெல்லாம் அந்தக் கதை. அதில் நான் செய்த திருத்தங்களையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். முதலில் பனியை எடுத்தேன். வெள்ளைப் புல்லை எடுத்தேன். அடுத்து, சுண்டுவிரல் கனத்துத் தண்ணீர் கொட்டும் அருவியாயிற்று. பிறகு ஒரு நாள், கூட்டம் கொஞ்சம் சோர்ந்திருக்கவே, அவள் விரல்களுக்கு நகப்பூச்சு வைத்தேன். சிரித்தார்கள். பிள்ளையைப் பற்றி மட்டும் எங்கும் சொன்னதில்லை. சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஒரு கோடை விடுமுறையில் மன்னவனூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவா? அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் பஸ்ஸில் ஏறும்போது எனக்குள் இருந்தது பழைய குடைச்சல்தான். அவள் என்ன ஆனாள்? பிள்ளை எப்படி இருக்கும்? பார்த்துவிட வேண்டும்... அவ்வளவுதான். தெரிந்துகொள்ளும் ஆசைக்கு இரக்கம் கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

டீக்கடையில் விசாரித்தபோது வீட்டைக் காட்டினார்கள். வாசலில் பூண்டு காயப்போட்டிருந்தது. அண்ணி பூண்டுத் தண்டுகளை அறுத்துக்கொண்டிருந்தாள். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் மாதிரி பூண்டு விலை கேட்டேன். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை பல்லுப் பல்லாகப் பிரித்து வரிசை வைத்துக்கொண்டிருந்தது.

"உம் பேரென்ன பாப்பா?"

"தர்சினி."

"அம்மா எங்க?"

"போனுல இருக்கு."

ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணி சிரித்தாள்.

"அது அப்டித்தாங்க சொல்லும். எங்க நாத்தனா திருப்பூருல இருக்கு. தெனம் சாயங்காலம் வீடியோவுல வரும். அதான், அம்மா எங்கன்னா போனுல இருக்குங்கும்."

எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போல இருந்தது. போகவில்லை. கேட்டேன். கேட்காமல் இருக்க முடியாதே என்னால்! "பக்கத்துல கொடைக்கானல்ல ஏதும் வேல கெடைக்கலியாம்மா?"

"கெடச்ச மாதிரிதாங்க இருந்துச்சு. நல்லாத்தான் பேசுனாங்களாம், மொகங்கூட மலர்ந்துச்சாம். பெறகு இல்லன்னுட்டாங்க. புள்ளைய வச்சுக்கலாமான்னு அங்க வாயத் தொறந்து கேட்டுச்சு பாருங்க, அதுனாலதான் போச்சுன்னு இன்னமுஞ் சொல்லிச் சொல்லி அழுகும். 'யாரோ தோட்டக்காரத் தாத்தா கேளுன்னாரு, நானும் புத்திகெட்டுக் கேட்டேன்'னு. நாந்தான் சொல்லுவேன், விடு ஆத்தா, பெத்தவ கேக்காம யாரு கேப்பான்னு."

புரிகிறதா உங்களுக்கு? தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டதால்தான் பிள்ளையைப் பிரிந்தேன் என்று ஒருத்தி நம்பிக்கொண்டிருக்கிறாள். அது உண்மையில்லை. பிள்ளையும் வரட்டும், வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கட்டும் என்றுதான் ரவி சொன்னார். அந்த வாக்கியத்தைக் கேட்டவன் நான் ஒருவன்தான். ரவிக்கு அது மறந்தே போயிருக்கும். பூண்டுக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டு அதை நான் சொல்லியிருக்கலாம். வேலையைத்தான் திருப்பித் தர முடியாது... அந்த ஒரு வாக்கியத்தைத் தந்திருக்கலாம் அல்லவா?

ஒரு பை பூண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு கதை சொல்வதை நிறுத்தினேனா? கொஞ்ச நாள் நிறுத்தினேன். பிறகு யாராவது கேட்பார்கள். "சார், அந்தக் குழா கதை..." என்பார்கள். சொல்லுவேன்.

போன மாதம் வகுப்பில் புதுக் கூட்டம். மாடி நிறைந்திருந்தது. கதையைச் சொல்லி முடித்தேன். சிரிப்பு அடங்கும்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும்.

"சார், ஒரு டவுட்டு. அது எந்த மாசம் சார் நடந்துச்சு?"

"ஏம்மா?"

"இல்ல சார், நான் மன்னவனூரு. பனி மாசத்துல எங்க பக்கம் யாருமே குழாய முழுசா மூட மாட்டோம். லேசா வந்தாக்கூட ஒரு திருகு தொறந்துதான் விடுவோம், பைப்பு வெடிச்சுரும்னு. அந்தப் பொண்ணு எங்க பக்கமா இருந்து, பனிக்காலமா இருந்துச்சுன்னா... பாவம்ல சார் அது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

இத்தனை ஆண்டுகளாக என்னால் தொடங்க முடியாமலிருந்த பேச்சை ஒரு சின்னப் பெண் தொடங்கிவைத்துவிட்டாள். நான் முடித்தால் போதும். 'தை மாசம்' என்றால் போதும். இரண்டே சொற்கள். கேட்ட எல்லாரும் மீதியைத் தாங்களே விளங்கிக்கொண்டிருப்பார்கள். நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது!

"சித்திரை" என்றேன்.

"சித்திரையா?" அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். முகத்தில் இருந்த கவலை கலைந்தது. "அப்பச் சரி சார். அப்ப அந்தப் பொண்ணு தப்புதான்."

உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு காலத்தில் செல்வராணிக்காக எழுந்து நின்ற ஒரே ஆள் அவள்தான்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அவள் எனக்காக வாசலில் நின்றிருந்தாள். தோளில் துணிப்பை.

"சார், கிளாஸ் சூப்பரா இருந்துச்சு. அந்தக் கத ரொம்பப் புடிச்சுருச்சு. எங்க ஊரு புள்ளைங்களும் கேக்கணும் சார். போயி எல்லாத்துக்கும் சொல்றேன்."

மன்னவனூருக்குக் கடைசி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. "வரேன் சார்" என்று அவள் ஓடினாள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை.